புள்ளைங்க கையில மறுபடியும் மம்முட்டியா?

(மரக்காணம் உப்பளப் பகுதியில் இரவுப் பள்ளி நடக்கும் சேரி ஒன்றில், பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, தாய்மார்களே, அளத்திலிருந்து நேரா வந்து காலைக்கூடக் கழுவாம உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே,

மைக் கிடையாது. பின்னாடி கேக்கலன்னா கையைத் தூக்குங்க, சத்தமா பேசறேன்.

போன மாசம் இந்த இரவுப் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற குப்பைமேட்டில் நம்ம பிள்ளைகள் பதினாலு பேர் ஒரு குழி எடுத்தார்கள். எல்லாம் ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிறவர்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். ரெண்டாவது நாள் ஒரு அம்மா வந்து குழி ஓரத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைக் கேட்டார்:

“எங்கப்பன் மண்ணு வெட்னாரு. எங்க ஊட்டுக்காரரும் மண்ணுதான் வெட்றாரு. நான் உப்பு வாரறேன். இதுவாவது நாலெழுத்து படிக்கட்டும்னு இங்க அனுப்பனா, நீ எம் புள்ள கையில மறுபடியும் மம்முட்டிய குடுத்துட்டியே தம்பி?”

எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. அந்த அம்மா இன்றைக்கும் வந்திருக்கிறார். அவருக்கு ஒரு பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டத்தைக் கேட்டேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை. எத்தனையோ பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவ, தண்ணி தூக்க, மைதானத்தில் முள்ளு வெட்ட யாரைக் கூப்பிட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். ‘உடல் உழைப்பு நல்லது, செயல்வழிக் கல்வி நல்லது’ என்று மேடையில் பேசுவார்கள். ஆனால் செயல் நம்ம பிள்ளைக்கும் கல்வி வேறு பிள்ளைக்கும் போய்விடும்.

இது இன்று நேற்றுப் பயம் அல்ல. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் செய்கிற தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார், நாடே எதிர்த்தது. 1954இல் காமராசர் வந்ததும் அது போயிற்று. அந்தத் திட்டம் நின்றிருந்தால் இங்கே இருக்கிற பலர் கையெழுத்துக்குப் பதிலாக இன்னும் கட்டைவிரலைத்தான் நீட்டிக்கொண்டிருப்போம். ஆகவே ‘கையால் செய்து படிப்பது’ என்று எவன் சொன்னாலும் நாம் ஒருமுறை முறைத்துப் பார்க்கத்தான் வேண்டும். என்னையும் சேர்த்துத்தான்.

ஆனால் அந்தக் குழியில் நடந்தது வேறு. அதைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க.

முதலில் ஒரு பழைய கதை. கதையென்றால் நடந்தது. இங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் பாண்டிச்சேரி. அதைத் தாண்டி நாலு கிலோமீட்டர், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு. ரோமாபுரியிலிருந்து வந்த சாடி, கிண்ணம், விளக்கெல்லாம் கிடைத்த இடம் என்று உங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். யார் கண்டுபிடித்தது? புத்தகத்தில் மார்ட்டிமர் வீலர் பேர் இருக்கும், 1945 என்று வருஷம் இருக்கும். அவருக்கு முந்தி 1930களில் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்கார அறிஞர் ஒருவர் அங்கே போனார். 1937இல் அவர் கைக்கு ஒரு சின்ன மணிக்கல் வந்தது. கல்லில் ஒரு மனிதத் தலை செதுக்கியிருந்தது. பழங்காசுகளைப் படித்தவர் என்பதால் அது ரோமப் பேரரசன் அகஸ்டஸ் தலை என்று சொன்னார். மேட்டின்மேல் கிடந்ததை அவரும் பொறுக்கினார். ஆனால் நிறையப் பொருளை அவர் காசு கொடுத்து வாங்கினார். யாரிடம்? அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகளிடம்! மழை பெய்து மண் கரைந்ததும் மேட்டில் மணி மின்னும், பிள்ளைகள் பொறுக்கி வைப்பார்கள். துரை வந்தால் விற்பார்கள்.

அந்தப் பிள்ளைகளின் பேர் எங்கேயும் இல்லை. கடல் கடந்து வந்த அகஸ்டஸ் பேர் இருக்கிறது, வாங்கினவர் பேர் இருக்கிறது, அப்புறம் வந்து தோண்டவைத்த வீலர், 1947இலிருந்து தோண்டவைத்த கசால், 1989இலிருந்து 1992வரை வந்த விமலா பெக்லி எல்லார் பேரும் இருக்கிறது. பொறுக்கின கைக்குப் பேர் இல்லை. ‘தோண்டவைத்த’ என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். வீலர் காலத்துப் படங்களைப் பாருங்க. குழிக்குள்ளே கோவணத்தோடு ஒரு ஆள் நிற்பார். எதுக்கு? குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டுமே, அதுக்கு. அளவுகோலுக்குப் பதிலாக ஒரு மனுஷன்!

இன்றைக்கும் எந்த அகழாய்வுக்குப் போனாலும் இந்தப் பிரிவினை கண்ணில் படும். குழிக்குள் அந்தந்த ஊர் ஆணும் பெண்ணும் நாள் கூலிக்கு நிற்பார்கள். மண்ணைச் சீவுவது, கூடை தூக்குவது, சல்லடையில் சலிப்பது அவர்கள் வேலை. குழிக்கு மேலே குடை, நாற்காலி, நோட்டு, காமிரா. மண் நிறம் மாறுகிறது என்பது முதலில் தெரிவது மம்முட்டி பிடித்தவன் கைக்குத்தான். சத்தம் மாறும், இறுக்கம் மாறும். “ஐயா, இங்க மண்ணு வேறங்க” என்று அவன் சொல்வான். அதை நோட்டில் எழுதுகிறவர் வேறொருவர். அறிக்கையில் எழுதினவர் பேர்தான் வரும். சாதி என்பதே இதுதானே தோழர்களே! செய்கிறவனையும் எழுதுகிறவனையும் ரெண்டாகப் பிளந்து, எழுதுகிறவனை மேலே வைத்தது.

ஆகவே எங்கள் குழிக்கு ஒரே ஒரு சட்டம்தான் போட்டோம். தோண்டுகிற பிள்ளைதான் எழுத வேண்டும், எழுதுகிற பிள்ளைதான் தோண்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கை மாறும். கிடைத்த ஒவ்வொரு துண்டையும் காகிதப் பையில் போட்டு, அதில் இடம், குழி எண், எத்தனை சென்டிமீட்டர் ஆழம், நாள், எடுத்தவர் முழுப் பேர். பேர் இல்லாத பை கணக்கில் சேராது. எட்டாவது படிக்கிற ஒரு பையன் முதல் நாள் பேரை எழுதாமல் ‘மாணவன்’ என்று எழுதினான். ஏன்டா என்றால், “எம்பேரு எதுக்கு சார்?” என்றான். அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துத் திரும்ப எழுத வைத்தோம்.

மம்முட்டியே இல்லை அம்மா. நீங்க பார்த்தது மேலே இருந்த புல்லையும் வேரையும் நான் வெட்டி எடுத்தது. அதுக்கப்புறம் கொத்தனார் கரண்டியும் பழைய பல் பிரஷ்ஷும்தான். நாலு முளை அடிச்சி சணல் கட்டினோம். பத்து பத்து சென்டிமீட்டராகச் சீவினோம். பத்து சென்டிமீட்டர் ஆனதும் நிறுத்தி, குழியின் தரையைக் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். எது எந்த மூலையில் கிடக்கிறதோ அப்படியே. சீவின மண் முழுசும் சல்லடையில் சலிக்க வேண்டும். ஒரு சாயங்காலத்துக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் பெரிது. “இதுக்கு எங்கப்பாவ வுட்டிருந்தா ஒரு நிமிசத்துல வெட்டியிருப்பாரு” என்று ஒரு பொண்ணு சொன்னாள். ஆமாம். வெட்டியிருப்பார். ஆனால் எது மேலே கிடந்தது, எது கீழே கிடந்தது என்பது கலைந்து போயிருக்கும். மேலே கிடப்பது பிந்தியது, கீழே கிடப்பது முந்தியது. தொல்லியலில் முக்கால்வாசி இதுதான். கலைத்துவிட்டால் பொருள் கிடைக்கும், காலம் கிடைக்காது.

குப்பைமேட்டில் என்ன பெரிய காலம் என்று சிரிக்காதீங்க. மேலே பிளாஸ்டிக் பை, ஷாம்பு பாக்கெட், அயோடின் உப்புப் பாக்கெட். உப்பு விளையிற ஊரில் உப்புப் பாக்கெட்! அதுக்குக் கீழே கண்ணாடி வளையல் துண்டு, பலப்பம், சோடா மூடி. இன்னும் கீழே ஒரு அலுமினிய அஞ்சு பைசா. பிள்ளைகளுக்கு அது காசு என்றே தெரியவில்லை. 2011 ஜூன் மாசத்தோடு இருபத்தஞ்சு பைசாவும் அதுக்குக் கீழ்ப்பட்ட காசும் செல்லாமல் போயிற்று, இவர்கள் அப்போது பிறக்கவே இல்லை. காசில் வருஷம் இருந்தது. “அப்போ இந்த அடுக்கு அந்த வருசத்துது சார்” என்று ஒருத்தன் எழுதப் போனான். இன்னொருத்தி மறித்தாள்: “அந்த வருசத்துல அடிச்ச காச எங்க ஆயா சுருக்குப் பையில இருவது வருசம் வெச்சிருக்கும்டா.” அவ்வளவுதான். அந்த வருஷமோ அதுக்குப் பிந்தியோ இருக்கலாம், அதுக்கு முந்தி இருக்க முடியாது. பல்கலைக்கழகத்தில் நடத்துகிற பாடத்தை அவள் சுருக்குப் பையிலிருந்து எடுத்தாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நம்ம மண்ணில் கிடக்கிற பானை ஓட்டுக்கு ஒரு வியாதி உண்டு. உப்பு அதுக்குள்ளே ஊறியிருக்கும். எடுத்துக் கழுவிக் காயவைத்தால், சுவரில் உப்பு பூக்கிற மாதிரி ஓட்டிலும் பூக்கும். உள்ளே இருக்கிற உப்பு கட்டியாகி மேல்தோலைப் பிய்த்து எறிந்துவிடும். கோலம், கீறல், எழுத்து எது இருந்தாலும் உதிர்ந்து போகும். ஆகவே கடலோரத்து ஓடுகளை நல்ல தண்ணியில் ஊறவைத்துத் தண்ணியை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். எத்தனை முறை? உப்பு முழுசாக இறங்கிற்று என்று எப்படித் தெரியும்? அதுக்கு ஆய்வுக்கூடத்தில் மருந்து இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஒரு பையன் விரலைத் தொட்டு நாக்கில் வைக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன், குப்பைமேட்டுத் தண்ணி. அப்போது ஆறாவது படிக்கிற பொண்ணு ஒருத்தி, அம்மா அப்பா ரெண்டு பேருமே அளத்து வேலை, எழுந்து போய் அவள் சிலேட்டை எடுத்து வந்தாள். ஊறின தண்ணியில் ஒரு சொட்டை சிலேட்டில் விட்டு வெயிலில் வைத்தாள். காய்ந்தது. வெள்ளை வளையம். “இன்னும் இருக்குது சார்.” தண்ணியை மாற்றினோம். மறுநாள் ஒரு சொட்டு. வளையம் கொஞ்சம் மெலிசாயிற்று. ஆறு முறை மாற்றின பிறகு சிலேட்டு கறுப்பாகவே இருந்தது. ஒரு சின்ன சிலேட்டில் அவள் ஒரு உப்புப் பாத்தி கட்டிவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குறிப்பு அவள் பேரில் நோட்டில் இருக்கிறது, போகும்போது பார்த்துவிட்டுப் போங்க.

இப்போ கரி விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் கஷ்டமான இடம்.

நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில் வடக்கு மூலையில் கறுப்பாக ஒரு அடுக்கு வந்தது. கரியும் சாம்பலும். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஒரு பையன் சொன்னான்: “இது நம்ம ஊட எரிச்சப்போ வந்தது சார்.” குழியைச் சுத்தி எல்லாம் அமைதியாகிவிட்டது. 2013 ஏப்ரல் 25ஆம் தேதியை நான் இங்கே விவரிக்க வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா நடந்த அன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தில் மூண்ட கலவரத்தில் நம்ம மக்களின் வீடுகள் எரிந்தன. இந்தப் பிள்ளைகளில் சிலர் அப்போது கைக்குழந்தை, பலர் பிறக்கவில்லை. ஆனாலும் அவன் மனசில் கரியென்றால் அந்தக் கரிதான்.

நானும் அதை நம்ப விரும்பினேன், மறைக்க மாட்டேன். எழுதி வைத்தால் நல்லாயிருக்கும் என்று தோன்றியது. மண்ணிலேயே சாட்சி இருக்கிறது என்று கூட்டத்தில் பேசலாம், இந்த மாதிரிப் பத்திரிகையில் போடலாம். ஆனால் வழக்கம்போல சல்லடை போட்டோம். எரிந்த வீடு என்றால் என்ன வர வேண்டும்? சுட்டுச் சிவந்த சுவர் மண், ஆணி, எரிந்த ஓலையின் கரி, உருகின கண்ணாடி, பிளாஸ்டிக், அதுவும் பரந்து கிடக்க வேண்டும். இங்கே வந்தது மெல்லிய சாம்பல், கருவேலங் கரி, மீன் முள்ளு, நண்டு ஓடு, சட்டி விளிம்பு, அதுவும் ஒரே மூலையில் குவியலாக. அந்த நேரம் பக்கத்து வீட்டு ஆயா ஒருத்தர் எட்டிப் பார்த்தார். “டேய், அது எங்க மாமியா அடுப்பு சாம்பல்டா. நான் வாக்கப்பட்டு வந்தப்போ இங்கதான் கொண்டாந்து கொட்டுவோம்” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை.

அவனிடம் தனியாகப் பேசினேன். எரித்தது பொய்யில்லைடா, ஆனால் இந்தக் கரி அந்தக் கரி இல்லை என்றேன். இல்லாத கோயிலை மண்ணுக்குள்ளே காட்டுகிறவன் உண்டு, எங்கள் பாட்டன் ஆண்ட பரம்பரை என்று போலிக் கல்வெட்டுக் காட்டுகிறவன் உண்டு. நாமும் அதே வேலையைச் செய்தால் நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? ‘கரி அடுக்கு, அடுப்புக் கழிவு, தகவல்: பக்கத்து வீட்டு ஆயா’ என்று அவனே எழுதினான். அதுக்குக் கீழே அவனாக ஒரு வரி சேர்த்தான்: 2013இல் எரிந்த வீடுகளின் இடத்தைத் தனியாக வரைபடம் போட வேண்டும், அதுக்குப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். இது நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்த வரைபட வேலை இப்போது நடக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டால், எது எங்கே நின்றது, கூரையா ஓடா, என்னென்ன போயிற்று, என்ன நஷ்டஈடு வந்தது, காகிதம் இருக்கிறதா என்று நிதானமாகச் சொல்லுங்க. அழுகை வந்தால் அழுதுவிட்டுச் சொல்லுங்க, பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

மரக்காணம் பழைய ஊர் என்று வெளியூர்க்காரர்கள் வந்து நமக்கே சொல்கிறார்கள். சிறுபாணாற்றுப்படை சொல்கிற எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கிரேக்க மாலுமி ஒருவன் எழுதின பெரிப்ளஸ் நூலில் வரும் சோபட்மா என்ற துறைமுகமும் இதுவே என்பவர்கள் இருக்கிறார்கள். அதே நூலில் வருகிற பொதுகே அரிக்கமேடு. தொல்லியல் துறை 2005-06இல் மரக்காணத்தில் அகழாய்வு செய்தது. வடக்கே ஆலம்பறைக் கோட்டையில் 2011-12இல் செய்தது. பூமீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, உப்பளமும் அதில் பேசப்படுகிறது. நல்லது. அளம் யாருக்குச் சொந்தம், வரி யாருக்கு, எந்த சாமிக்கு விளக்கெரிக்க என்றெல்லாம் கல்வெட்டுகள் சொல்லும். வாரினது யார் என்று சொல்லாது.

கல்வெட்டு நம்மைச் சொல்லவே சொல்லாதா என்றால், சொல்லும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் கல்வெட்டைப் பாருங்க. கோயிலுக்கு விட்ட ஊர்களில் எந்தெந்த நிலம் வரிக்கணக்கில் வராது என்று ஒரு பட்டியல். ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், அந்த வரிசையிலேயே பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி நாம் இருந்தோம் என்பதுக்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை. கழித்து எழுதின கணக்கில் இருக்கிறோம்! ‘பொற்காலம்’ என்று மேடையில் அழுகிற தமிழறிஞர்களைக் கேட்டால் இந்த வரியை மட்டும் தாண்டிப் போவார்கள்.

உப்புக்கு இன்னொரு குணம் உண்டு. அது தடயம் வைக்காது. நெல்லுக்கு உமி கிடக்கும், இரும்புக்குக் கசடு கிடக்கும், மணி செய்த இடத்தில் உடைந்த கல் கிடக்கும். உப்பு ஒரு மழையில் கரைந்துவிடும். பாத்தி வரப்பு வருஷா வருஷம் புதுசு. வாருபலகை மரம், மக்கிப் போகும். இரும்பு வைத்தால் உப்புக்காற்று தின்றுவிடும். இரண்டாயிரம் வருஷம் இந்தக் கரையில் உப்பு வாரினவர்களின் அருங்காட்சியகத்தைக் கட்டச் சொன்னால் காலிக் கூடம்தான் கட்ட வேண்டும். 1930இல் வேதாரண்யத்தில் ஒரு பிடி உப்பு அள்ளினவர்களுக்குத் தூண் இருக்கிறது, புத்தகத்தில் படம் இருக்கிறது. தினம் அள்ளினவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அதனால்தான் ரெண்டாவது வேலையாக, அளத்தில் இன்றைக்கு இருக்கிற, நேற்று இருந்த கருவிகளைப் பிள்ளைகள் அளந்து வரைகிறார்கள். பலகை எத்தனை அங்குலம், கைப்பிடி எந்த மரம், எந்த இடத்தில் கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கிறது. என்ஜின் வருவதுக்கு முந்தித் தண்ணி எப்படி இறைத்தார்கள், பாத்தியை எத்தனை நாள் மிதித்து இறுக்கினார்கள், அம்பாரத்துக்குக் கீத்து எப்படி வேய்ந்தார்கள். இது தெரிந்தவர்கள் இங்கே பத்துப் பேர் இருப்பீங்க. பத்து வருஷம் கழித்து ஒருத்தர்கூட இருக்க மாட்டீங்க, கோவிச்சிக்காதீங்க. பக்கிங்ஹாம் கால்வாயும் இந்த வேலையில் வருகிறது. இங்கே வந்து முடிகிற கால்வாய் அது. இந்தப் பக்கத்து உப்பும் விறகும் தோணியில் சென்னைக்குப் போன வழி. 1877, 78 தாது வருஷப் பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாத சனங்களைக் கொண்டுதான் சென்னைக்குள்ளே அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். பேர் வைத்தது பக்கிங்ஹாம் பிரபுவுக்கு.

பிள்ளைகளால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பீங்க. கீழடியை எல்லாருக்கும் தெரியும். 2014இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்குவதுக்கு நாற்பது வருஷத்துக்கு முந்தியே, 1970களில், அந்த ஊர்ப் பள்ளி வரலாற்று ஆசிரியர் பாலசுப்பிரமணியம், மாணவர்கள் மூலமாகத் தெரியவந்த பழம்பொருட்களைப் பற்றித் துறைக்குச் சொல்லியிருக்கிறார். செம்பியன் கண்டியூரில் 2006இல் கன்று நடக் குழி எடுத்தபோது கீறல் போட்ட கற்கோடரியைப் பார்த்துச் சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர். சிவகளையைச் சொன்னதும் ஆசிரியர்தான். ராமநாதபுரம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் ஆசிரியர் ராஜகுரு 2010இல் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் தொடங்கி, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வெட்டுப் படிக்கவும் படியெடுக்கவும் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் தங்கள் ஊர்களிலேயே பழைய பானை ஓடு, சீனப் பானை ஓடெல்லாம் கண்டெடுத்தார்கள். அங்கே முடிகிறது இங்கே முடியாதா?

நம்ம பிள்ளைக்கு ஒரு வசதி கூடுதலாகவே இருக்கிறது. ஊர்க்காரன் நம்மைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டோரம் குடிவைத்தான். தொகுப்பு வீட்டுக்குக் கடைக்கால் எடுக்கும்போது கறுப்பும் சிவப்புமாக ஓடு வருகிறது, தாழி விளிம்பு வருகிறது. ‘ஏதோ பழைய சட்டி’ என்று மண்ணோடு தள்ளிவிடுகிறோம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்று வந்தால் அது ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலும் ஆகியிருக்கலாம்.

ஆனால் ஒன்று, எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பழைய மேடு, தாழிக்காடு, கோட்டை, இதிலெல்லாம் எவரும் கரண்டியை வைக்கக் கூடாது, பிள்ளைகளும் சரி, நானும் சரி. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டினால் 1958ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும் என்று 1878ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்டது, இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சட்டம் பண்ணையார் வீட்டுக் கொல்லைக்குள் எட்டிப் பார்க்காது, நம்ம வீட்டுக்குப் போலீசோடு வரும், அதுவும் உங்களுக்குத் தெரியும். சட்டத்தை விடுங்க, அங்கே தோண்டினால் காலம் கலையும். அங்கெல்லாம் பார்க்க வேண்டும், இருக்கிற இடத்திலேயே படம் எடுக்க வேண்டும், எழுத வேண்டும், துறைக்குத் தபால் போட வேண்டும். தோண்டுவது நம்ம குப்பைமேட்டில் மட்டும்.

பாபாசாகேப் 1948இல் ‘தீண்டப்படாதார்’ என்று ஒரு புத்தகம் போட்டார். நந்தனாருக்கும் ரவிதாசருக்கும் சொக்காமேளாவுக்கும் காணிக்கையாக்கின புத்தகம். அதன் முன்னுரையில், நேரடி ஆதாரம் கிடைக்காத இடத்தில் ஒரு ஆராய்ச்சிக்காரன் என்ன செய்வான் என்று பேசுகிறார். உடைந்த கற்களிலிருந்து ஒரு நகரத்தையே மீட்டுக் காட்டுகிற தொல்லியலாளனையும், சிதறின எலும்பிலும் பல்லிலுமிருந்து அழிந்துபோன விலங்கை உருவாக்கிக் காட்டுகிறவனையும் உதாரணம் சொல்கிறார். நம்ம வரலாற்றை எழுதுவதை அவர் அந்த வேலையோடுதான் ஒப்பிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருப்பார், அவர் பாட்டனார் கந்தப்பன் வெள்ளைக்காரத் துரை வீட்டில் பட்லராக இருந்தவர், அவர் கொண்டுபோய்க் கொடுத்த ஏட்டிலிருந்துதான் எல்லிஸ் துரை காலத்தில் திருக்குறள் அச்சுக்குப் போயிற்று என்று. பட்லர் கையில் ஏடு இருந்தது அம்மா. மம்முட்டி மட்டும் இருந்த கை இல்லை நம்ம கை.

நீங்க கேட்ட கேள்விக்கு இது முழுப் பதிலா என்று எனக்குத் தெரியாது. உங்கள் பையன் தோண்டினான், உண்மை. நாலு நாளில் முப்பத்தொரு பை அவன் பேரில் இருக்கிறது. குழியின் தெற்குச் சுவரை, அடுக்கு அடுக்காக, எது எந்த நிறம் என்று அவன் வரைந்த படம் இதோ தட்டியில் ஒட்டியிருக்கிறது. அதைப் பாருங்க. பார்த்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம், நான் வருத்தப்பட மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது குழி. வெயில் ஏறுவதுக்குள் முடிக்க வேண்டும், காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்க. பழைய பல் பிரஷ், சணல், ஓட்டை இல்லாத வாளி, கட்டம் போட்ட நோட்டு, பென்சில். அரிசி சலிக்கிற சல்லடை யாரிடமாவது இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் கொடுங்க, கழுவித் தருகிறோம். வீட்டில் வெட்டியாகக் கிடக்கிற சிலேட்டு இருந்தால் அதையும் கொடுத்து அனுப்புங்க. மம்முட்டி கொண்டுவர வேண்டாம்.